பயிற்சி வைத்தியரும் நலநாளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டு ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெறும் இளம் வைத்தியர்க்கு, ஆண்டு விடுமுறையும் நோய் விடுமுறையும் நீங்கலாக, 'வெல்னெஸ் டே' என்ற பெயரால் ஒரு சில நாட்களைத் தனியே அளிக்கும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவி வருகின்றது. நாம் இதனை நலநாள் என்று வழங்குவோம். அந்நாளில் சம்பளம் குறையாது, காரணமும் கேட்கப்படாது. அவர் பல் வைத்தியரிடம் செல்லலாம், உறங்கலாம், ஒன்றும் செய்யாதிருக்கவும் செய்யலாம். சிலவிடங்களில் ஆண்டுக்கு இரண்டு நாள், சிலவற்றில் மூன்று மாதத்திற்கொன்று, இன்னுஞ் சிலவற்றில் அரைநாள் மாத்திரம். இச்சிறு ஏற்பாட்டைப் பற்றி அந்நாட்டு வைத்தியரிடையே நிகழும் வாதமோ சிறிதன்று. சோம்பலுக்கு இட்ட அழகிய பெயர் என்பார் சிலர். உட்புண்ணுக்கு மேற்பூச்சு என்பார் வேறு சிலர். நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் வைத்தியக் கல்விக்குச் செல்லும் மாணாக்கர் உளர். செல்லாத நாமும் என்றேனும் ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு அவர் கையில் நம் நாடியைக் கொடுக்க வேண்டியவர்களே. ஆதலின் இவ்வாதம் நமக்குப் புறம்பானதன்று.

இப்பயிற்சி முறை வந்த வழியை முதற்கண் காண்போம். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே பொது வைத்தியத்திற்கு வில்லியம் ஆஸ்லரும், சஸ்திர வைத்தியத்திற்கு வில்லியம் ஹால்ஸ்டெட்டும் தலைமை பூண்டு, பட்டம் பெற்ற இளைஞரை ஆஸ்பத்திரியிலேயே குடியிருத்திப் பழக்கும் முறையை நிலைநாட்டினர். 'ரெசிடெண்டு' என்ற பெயரே அங்குக் குடியிருப்பவர் என்னும் பொருளது. உணவும் உறையுளும் அவ்விடமே. இரவாயினும் பகலாயினும் அழைத்தவுடன் எழுந்து வருதல் வேண்டும். ஹால்ஸ்டெட் சஸ்திர வைத்தியத்தில் பெரும் மேதாவி என்பதில் இருவேறு அபிப்பிராயமில்லை. எனினும், கொக்கேயின் மருந்து உடலுறுப்பை மரக்கச் செய்யுந் தன்மையைத் தம் உடலிலேயே சோதிக்கப் புகுந்து அதற்கு அடிமையானவர் அவர். பின்னர் மார்பின் பழக்கத்திலும் சிக்கினர். அதனைப் பெரும்பாலார் அறியாவண்ணம் மறைத்தே வாழ்ந்தனர். இதனை ஈண்டு எடுத்துரைப்பது அப்பெரியாரைப் பழிக்கும் பொருட்டன்று. துன்பமுற்ற வைத்தியன் அதை வெளியிடாது பணிமேற் செல்லவேண்டும் என்னும் எண்ணம் இம்முறையின் பிறப்போடு பிறந்தது என்பதைக் காட்டுதற்கேயாம்.

மேலும் ஒன்று. அக்காலத்து நோயாளர் வாரக்கணக்காக ஆஸ்பத்திரியிற் கிடந்தனர். பெரும்பாலான நோய்களுக்குச் செய்யக்கூடிய சிகிச்சையும் சிலவே. ஆதலின் குடியிருந்த இளைஞருக்கு இரவில் உறங்கும் பொழுதும் ஓரளவு கிடைத்திருக்கும். இக்காலத்திலோ சில நாட்களில் ஒருவர் சென்று மற்றொருவர் அப்படுக்கைக்கு வருகின்றார். வருகிறவரும் முன்னாளில் பிழைத்திருக்கவே மாட்டாத கடுநோயாளர். செயற்கைச் சுவாசக் கருவியும், மணிக்கொரு இரத்தப் பரிசோதனையும், இடையறாது ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் சூழ்ந்த இரவு அது. வேலையின் தன்மை முற்றிலும் மாறிவிட்டது. வேலை நேரம் பற்றிய எண்ணம் மாத்திரம் பழையதாகவே நின்றது.

அவ்வெண்ணத்தை முதலில் அசைத்தது ஒரு மரணம். 1984-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லிப்பி சையான் என்ற பதினெட்டு வயதுக் கன்னிகை கடுஞ்சுரத்துடன் நியூயார்க்கு நகரத்து ஆஸ்பத்திரியொன்றிற் சேர்க்கப்பட்டாள். மறுநாட் காலையில் உயிர் நீத்தாள். அவ்விரவில் அவளைக் கவனித்தவர் பயிற்சி வைத்தியர் இருவர். அவர்க்குப் பிற நோயாளர் பலர் பொறுப்பும் இருந்தது. அவள் ஏற்கெனவே உட்கொண்டு வந்த மருந்தோடு சேரலாகாத மற்றொரு மருந்து கொடுக்கப்பட்டதாகப் பின்னர் விவரம் வெளிவந்தது. தந்தையார் சிட்னி சையான் பத்திரிகைத் தொழிலினர், வழக்கறிஞருமாவர். அவர் இதனை விட்டாரல்லர். வைத்தியர்மேற் குற்றஞ் சாட்ட இடமில்லை என்று கண்ட விசாரணைச் சபை, அவர்களை அந்நிலையில் வேலை செய்ய வைத்த முறையையே கண்டித்தது. டாக்டர் பெர்ட்ராண்டு பெல் என்பார் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1989-இல் நியூயார்க்கு மாகாணத்தில், பயிற்சி வைத்தியர் வாரத்திற்கு 80 மணிக்கு மேலும், தொடர்ந்து 24 மணிக்கு மேலும் வேலை செய்யலாகாது என்ற விதி வந்தது. நாடு முழுவதற்கும் அத்தகைய விதி வர மேலும் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 2003-இல், பட்டத்திற்குப் பிந்திய வைத்தியப் பயிற்சிக்கு அங்கீகாரமளிக்கும் சபையார் அதே 80 மணியை வகுத்தனர். அதுவும் நான்கு வாரச் சராசரியாகக் கணக்கிடப்படுவது.

வாரம் எண்பது மணி என்பதை நம் நண்பர்கள் விரலிட்டு எண்ணிப் பார்க்கவேண்டும். நம் நாட்டு ஆலைத் தொழிலாளர்க்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த வார அளவு 48 மணி. ஐரோப்பிய நாடுகள் 2009-ஆம் ஆண்டு முதல் பயிற்சி வைத்தியர்க்கும் அவ்வெண்ணையே வைத்துள்ளன. அமெரிக்காவில் 'குறைக்கப்பட்ட' நேரமாகிய எண்பது என்பது இவ்விரண்டையும் நோக்க எத்துணைப் பெரிதென்பது சொல்லாமலே விளங்கும்.

உறக்கமின்மை மனிதனை யாது செய்யும் என்பது ஊகத்திற்கு விடப்பட்ட விஷயமன்று. 1997-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறனும் கவனமும் இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுள்ளவரின் நிலைக்கு இறங்கின. இருபத்து நான்கு மணி விழித்தபோது ஏறக்குறைய 0.10 சதவீதத்து நிலைக்கு வந்தன. அமெரிக்காவின் பெரும்பாலான மாகாணங்களில் மோட்டார் ஓட்டுபவர்க்கு 0.08 குற்றமாகும். குடித்து வந்த வைத்தியரை நோயாளியின் அருகே விடுவார் எவருமிலர். உறங்காது வந்தவரையோ கடமை வீரர் என்று கொண்டாடுகின்றோம். பாஸ்டன் நகரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னுந் தெளிவானது. முதலாண்டுப் பயிற்சி வைத்தியர் நீண்ட தொடர்பணி முறையில் வேலை செய்தபோது, குறுகிய பணி முறையில் செய்தபோதைக் காட்டிலும் 36 சதவீதம் அதிகமாகக் கொடிய பிழைகள் நேர்ந்தன. அடுத்த ஆண்டு வந்த மற்றோர் ஆராய்ச்சி அவர்கள் வீடு திரும்பும் வழியை நோக்கிற்று. நீண்ட பணி முடித்துத் தாமே வாகனமோட்டிச் செல்லுங்கால் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேற்பட்டது. இரவெல்லாம் பிறர் உயிரைக் காத்து விடியலில் தன்னுயிரைச் சாலையிற் பணயம் வைப்பதென்பது எந்தத் தர்மத்தின்பாற் படும்?

நிற்க. பணி நேர விதியே இருக்க, நலநாள் எதற்கு என்று கேட்கலாம். அவ்விதிப்படி ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அதுவும் நான்கு வாரச் சராசரியே. அவ்வொரு நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ, இரவுப்பணி முடித்து வந்து உறங்கிக் கழியும் நாளாகவோ அமைவது பெரும்பான்மை. ஞாயிற்றுக்கிழமையில் பல் வைத்தியர் இரார். மனநோய் வைத்தியர் இரார். வங்கியும் சர்க்கார் அலுவலகமும் திறந்திரா. பிறர்க்கு மூன்று மாதத்திற்கொரு முறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாள்தோறும் உபதேசிப்பவர், தமக்கென ஒரு வைத்தியரை மூன்று ஆண்டுகளிற் கண்டதில்லை என்ற நிலை இவ்வாறே உண்டாகின்றது. 2017-இல் மேற்கூறிய சபையார் தம் விதிகளில் வைத்தியர் நலம் பற்றிய பகுதியை விரித்து, உடல், மனம், பல் ஆகியவற்றின் சிகிச்சைக்கு வேலை நேரத்திற்குள்ளேயே சென்றுவர வாய்ப்பளிக்க வேண்டுமென்று விதித்தனர். அவ்வாண்டிலேயே, உலக வைத்திய சங்கத்தார் வைத்தியர் எடுக்கும் ஜெனீவாப் பிரதிக்கினையைத் திருத்தி, தம் சொந்த உடல் நலத்தைப் பேணுவதும் வைத்தியனுக்குரிய உறுதிமொழிகளில் ஒன்றென்று சேர்த்தனர். இக்காற்றில் தழைத்ததே நலநாள்.

அந்நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்று கேட்டால், விடை மிகவும் சாதாரணம். உறங்குகின்றனர். பல்லைக் காட்டிக்கொள்கின்றனர். மூட்டையாய்க் கிடந்த துணியை வெளுக்கின்றனர். தலைமயிர் வெட்டிக்கொள்கின்றனர். கர்ப்பவதியாயின் தம் பிரசவ வைத்தியரைக் காண்கின்றனர். குழந்தையின் பள்ளிக்குச் செல்கின்றனர். நெடுந்தொலைவிலுள்ள தாயாரோடு, கடிகாரத்தைப் பாராமல் பேசுகின்றனர். இதற்கா ஒரு நாள் என்று நகைப்பாரும் உளர். நமக்கோ இப்பட்டியலில் நகைப்பதற்கு யாதொன்றும் தோன்றவில்லை. மனித வாழ்வென்பது இத்தகைய சிறு கருமங்களாலேயே நெய்யப்பட்டது. இவற்றை ஐந்தாறு ஆண்டுகள் ஒத்திவைத்தவர் தம்மை மனிதராகக் கருதுவதையும் சேர்த்தே ஒத்திவைக்கின்றனர். நலநாளில் உணவு விருந்தளித்து யோகாசனமும் கற்பிக்கும் ஆஸ்பத்திரிகள் சில உள என்று கேள்விப்படுகின்றோம். நல்ல எண்ணந்தான்; ஆயினும் வேலையாட்களை ஒருமித்துக் கூட்டி நிகழ்ச்சிநிரற்படி ஓய்வெடுக்கச் செய்தல் ஓய்வாகாது. அது இன்னொரு வேலை.

இனி, வாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். நாள் ஏட்டில் இருக்கின்றது; எடுப்பவர் குறைவு. ஏன்?

பெரும்பாலான இடங்களில் நலநாளைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்டவுடன் அவர் வேலையைச் செய்ய மற்றொருவர் வேண்டும். அம்மற்றொருவர் யார்? அவரைப்போலவே களைத்த அவர் தோழரே. திடீரென வாராதொழிபவர்க்குப் பதிலாக வீட்டிலிருந்து அழைக்கப்படும் முறையை அந்நாட்டுப் பயிற்சி வைத்தியர் 'ஜெபர்டி' என்று பெயரிட்டழைக்கின்றனர். அச்சொல்லுக்கு அபாயம் என்பது பொருள். ஓய்வு நாளில் தொலைபேசி ஒலித்தால் அது அபாயம் என்று அவர்களே பெயர் வைத்திருப்பது நகைச்சுவையாயினும் உண்மை. ஆகவே நான் நலநாள் எடுத்தால் என் நண்பனின் நலம் கெடும் என்று நினைக்கும் நல்ல உள்ளம் படைத்தவரே அதை எடாதொழிகின்றனர். எவர்க்கு அது மிகுதியும் வேண்டியதோ அவரே இறுதியிற் கேட்கின்றனர். ஒருவர் தோளிலிருந்து இறக்கி இன்னொருவர் தோளில் ஏற்றும் பாரம் குறைந்த பாரமாகாது. மாற்றாள் ஒருவரைச் சம்பளங் கொடுத்து நிறுத்தாத ஆஸ்பத்திரி, நலநாள் வழங்கியதாகச் சொல்லிக்கொள்ள உரிமையற்றது என்பது நம் துணிபு.

இரண்டாவது தடை, கற்றல் குறையுமென்னும் அச்சம். அமெரிக்காவில் பொதுச் சஸ்திர வைத்தியப் பயிற்சி பெறுபவர் முடிவதற்குள் 850 சஸ்திர சிகிச்சைகளைக் கணக்கிற் காட்டவேண்டும். அருமையானதொரு சிகிச்சை நடக்கும் நாளில் பல் வைத்தியரிடம் சென்றவர் அதை இழந்தவரே. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், நாளை முன்னரே அறிந்தால் அதற்கேற்ப வேலையை அமைத்துக்கொள்ளலாம். முதல்நாள் மாலையிற் கேட்டுப் பெறுவதாயின் அது இயலாது.

மூன்றாவது தடையே கொடிது. ஓய்வு வேண்டும் என்று கேட்பது, நான் பலவீனன் என்று எழுதிக் கையெழுத்திடுவதாகக் கருதப்படுகின்றது. தலைமை ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதவேண்டும். அவர் பின்னாளில் இவரைப்பற்றி நற்சான்று எழுத வேண்டியவர். அன்றியும், வைத்தியத் தொழிலுக்கு உரிமம் வழங்கும் சபைகள் பலவற்றின் விண்ணப்பத்தில், மனநோய்க்கு எப்பொழுதேனும் சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்துவந்தது. அதற்கஞ்சிச் சிகிச்சையையே தவிர்த்தவர் பலர். 2020 ஏப்ரல் மாதம், கோவிட் கொள்ளைநோயின் உச்சத்தில் நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவை நடத்திய டாக்டர் லோர்னா பிரீன் என்னும் அம்மையார் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உதவி நாடினால் தம் தொழிலுரிமை பறிபோகுமென அவர் அஞ்சினார் என்று அவர் குடும்பத்தார் கூறினர். 2022 மார்ச்சில் அவர் பெயராலேயே, வைத்தியப் பணியாளரின் மனநலத்தைக் காக்க ஒரு சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. அதன்பின் பல மாகாணங்கள் அக்கேள்வியை நீக்கியோ திருத்தியோ வருகின்றன. அவர் பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் சென்ற தலைமை வைத்தியர் என்பதை மறக்கலாகாது. பயிற்சியிற் கற்ற மௌனம் பயிற்சியோடு முடிவதில்லை.

இதற்கு மாற்று யாதெனின், கேட்கும் கடமையையே எடுத்துவிடுதல். மாதத்தின் பணியட்டவணையை வகுக்கும்போதே ஒவ்வொருவர்க்கும் நலநாளைக் குறித்துவிடவேண்டும். வேண்டாமென்பவர் வேண்டாமென்று சொல்லட்டும். சில பயிற்சி நிலையங்களில் முதலாண்டு வைத்தியர் அனைவர்க்கும் மன ஆலோசகரிடம் ஒரு சந்திப்பைத் தாமே குறித்துக் கொடுக்கின்றனர். வர விருப்பமில்லாதவர் நீக்கிக்கொள்ளலாம். எல்லாரும் செல்லும் வழியில் ஒருவர் செல்வதை யாரும் உற்றுநோக்கார். இவ்வளவே இதன் இரகசியம்.

முதிய வைத்தியர் கூறும் ஆட்சேபங்களை இலேசாகத் தள்ளிவிடுதல் முறையன்று. நாங்கள் முப்பத்தாறு மணி உறங்காது உழைத்துக் கற்றோம். கற்றதனாலன்றோ இன்று கை நடுங்காது நிற்கின்றோம் என்பர். அவர் கை நடுங்கவில்லை என்பது மெய்யே. ஆனால் அவரோடு தொடங்கி இடையில் தொழிலைத் துறந்தவரும், மதுவிற் புகுந்தவரும், உயிரையே விட்டவரும் இன்று அவையில் எழுந்து பேச வரமாட்டார். கரையேறினவர் சொல்லை மாத்திரங் கேட்டு ஆற்றின் ஆழத்தை அளக்கலாகாது. அவர்களின் இரண்டாம் ஆட்சேபம் வலியது. வைத்தியர் அடிக்கடி மாறினால், ஒருவர் அறிந்தது மற்றவர்க்குத் தெரியாமற் போய்ப் பிழை நேரும் என்பர். நேரும், மறுப்பதற்கில்லை. அதற்கு மருந்து, வைத்தியரை மாறாமல் வைப்பதன்று. மாறும்போது செய்தியை ஒழுங்காக ஒப்புவிக்கக் கற்பிப்பதே. ஒன்பது ஆஸ்பத்திரிகளின் குழந்தை வைத்தியப் பிரிவுகளில், ஒப்புவிப்புக்கு ஓர் ஒழுங்கு வகுத்துப் பழக்கிய பின் வைத்தியப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

நேரக் குறைப்பினால் மாத்திரம் நோயாளர்க்கு நன்மை விளைந்ததா என்றால், விடை நாம் விரும்பும் அளவு தெளிவாயில்லை என்பதையும் ஒளிக்காமற் கூறவேண்டும். 2011-இல் முதலாண்டு வைத்தியர்க்குத் தொடர்பணி 16 மணிக்கு மேற்படலாகாது என்று விதித்த சபையாரே 2017-இல் அதைத் தளர்த்தி மீண்டும் 24 மணியாக்கினர். இடையில் நடந்த இரு பெரும் பரிசோதனைகள், சஸ்திர வைத்தியத்தில் ஒன்றும் பொது வைத்தியத்தில் ஒன்றுமாக, தளர்ந்த விதியுள்ள இடங்களில் நோயாளர் மரணம் மிகுதிப்படவில்லை என்று கண்டன. ஆனால் அவற்றின் மற்றொரு முடிவை எடுத்துரைப்பார் குறைவு. பொது வைத்தியப் பரிசோதனையில், தளர்ந்த விதியுள்ள இடங்களில் பயிற்சித் தலைவர்கள் மனநிறைவு கொண்டனர். பயிற்சி பெறும் இளைஞரோ தம் கல்வியிலும் நலத்திலும் மனநிறைவு குறைந்தே இருந்தனர். ஒரே ஏற்பாட்டைப் பற்றி மேலிருப்பவர் மகிழ்வதும் கீழிருப்பவர் வாடுவதும் உலகத்திற்குப் புதியதன்று.

எதிர்ப்புறத்திலிருந்து வரும் ஆட்சேபமே நம்மை மிகுதியும் சிந்திக்கச் செய்வது. வாரம் எண்பது மணி வேலை வாங்கிவிட்டு மூன்று மாதத்திற்கொரு நாள் கொடுப்பது கேலியன்றோ என்று இளைஞர் கேட்கின்றனர். 2015-இல், பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணித்தவர், பயிற்சி வைத்தியருள் 28.8 சதவீதத்தினர்க்கு மனச்சோர்வோ அதன் குறிகளோ உண்டென்றனர். அதற்குமுன் 2010-இல் வந்ததோர் ஆராய்ச்சியில், முதலாண்டுப் பயிற்சி தொடங்குமுன் 3.9 சதவீதமாயிருந்த அந்நோய், பயிற்சிக் காலத்தில் 25.7 சதவீதமாயிற்று. அதே மனிதர், அதே மூளை, மாறியது வேலை மாத்திரமே. ஒரு நாள் உறக்கம் இதனை ஆற்றாது. நலநாளைக் காட்டி நேர விதியைத் தளர்த்த முயல்வாராயின், அந்நலநாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நன்று. ஆயினும், பெரிய நீதி வருமளவும் சிறிய உதவியை மறுக்கவேண்டுமென்பதை நாம் ஒப்பவில்லை. பல்வலி புரட்சிக்காகக் காத்திராது.

நம் நாட்டு நிலையை நோக்குங்கால் உள்ளம் வேறு வகையாக வருந்துகின்றது. இந்திய சர்க்கார் 1992-இலேயே, ரெசிடெண்டு வைத்தியர் வழக்கமாகத் தொடர்ந்து 12 மணிக்கு மேலும், இளநிலையினர் வாரம் 48 மணிக்கு மேலும் வேலை செய்யலாகாதென்றும், வாரம் ஒரு நாள் முறைப்படி ஓய்வு வேண்டுமென்றும் எழுதிவைத்தனர். அமெரிக்கர் தம் எண்பதை நாடு முழுவதற்கும் வகுக்குமுன் பதினோராண்டுக்கு முற்பட்டது இது. எண்ணளவில் அதனினும் சிறந்தது. ஏட்டில் நாம் எப்பொழுதும் முன்னணியிலிருப்பவர். 2023-ஆம் ஆண்டுத் தேசிய வைத்தியக் கமிஷன் விதிகள், பட்டமேற்படிப்பு மாணாக்கர்க்கு ஆண்டுக்கு 20 நாள் சில்லறை விடுப்பும், வேலை இடங்கொடுத்தால் வார விடுமுறையும் அளிக்கின்றன. 'வேலை இடங்கொடுத்தால்' என்னும் அச்சிறு தொடர் வழியாகவே முழு விதியும் வெளியேறிவிடுகின்றது. 2024-இல் அக்கமிஷன் அமைத்த மனநலக் குழு, வாரத்திற்கு 74 மணிக்கு மிகாதிருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 48 என்று விதித்த நாட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் 74 என்பது முன்னேற்றமாகக் கேட்கப்படுவதே உண்மை நிலையைச் சொல்லிவிடுகின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் கல்கத்தாவில், இரவுப்பணியினிடையே இளைப்பாற உபந்நியாச மண்டபத்திற்குச் சென்ற பயிற்சி வைத்தியப் பெண்மணி கொலையுண்டதை நாடறியும். அதன்பின் உச்சநீதிமன்றத்தார் பிறப்பித்த ஆணையில், இரவில் வேலை செய்யும் வைத்தியர்க்குத் தக்க ஓய்விடமில்லாமையும், முப்பத்தாறு மணித் தொடர்பணியும் குறைகளாக எண்ணப்பட்டன. கட்டிலும் தாழ்ப்பாளும் இல்லாத இடத்தில் நலநாளைப் பற்றிப் பேசுவது வீண் ஆடம்பரமெனச் சிலர்க்குத் தோன்றலாம்.

நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நோயாளர் கூட்டம் மிகுதி, வைத்தியர் குறைவு என்னும் சமாதானம் பாதி மெய்யே. மற்றப் பாதி யாதெனின், பயிற்சிக்கு வந்தவரைக் கொண்டே ஆஸ்பத்திரியை நடத்தப் பழகிவிட்டோம். ஒரு பயிற்சி மாணாக்கர் ஒரு நாள் வாராதொழிந்தால் வெளிநோயாளர் பகுதி நின்றுவிடும் என்று ஒரு துறைத்தலைவர் சொல்வாராயின், அவர் அம்மாணாக்கரின் குறையைச் சொல்லவில்லை. தம் துறையில் நியமிக்கப்படாத வைத்தியர் எத்தனை என்பதைச் சொல்லுகின்றார். வள்ளுவர் மருந்தென்பதை நோயாளன், வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன் என்று நான்கு கூறாக்கினர். நாம் பரிசோதனைக் கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதிவைக்கின்றோம். மருந்தைக் குளிர்பெட்டியிற் காக்கின்றோம். நான்கில் ஒரு கூறாகிய வைத்தியனுக்கு மாத்திரம் பராமரிப்பு வேண்டாவென்று துணிந்தது எவ்வாறு?

ஆதலின் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் தொடங்கவேண்டியது பெரிய திட்டமன்று. மாதப் பணியட்டவணை சுவரில் ஒட்டப்படும்போது, இரவுப்பணிகள் எழுதியிருக்கும் அதே தாளில், அதே மையில், வார ஓய்வு முதலில் எழுதப்படட்டும். அது தவறாது நடந்த பின், மூன்று மாதத்திற்கொரு நலநாள், அதுவும் அலுவலகங்கள் திறந்திருக்கும் வாரநாளாகப் பார்த்து, ஒவ்வொருவர் பெயருக்கெதிரேயும் எழுதப்படட்டும். அந்நாளில் அவர் இடத்தில் நிற்பவர் பட்டமேற்படிப்பு மாணாக்கராயின்றிச் சம்பளம் பெறும் உதவி வைத்தியராயிருத்தல் வேண்டும். எங்குச் சென்றீர் என்று மறுநாள் எவரும் வினவாதிருப்பாராக. அட்டவணையின் தலைப்பில் துறைத்தலைவர் பெயரும் இருக்குமன்றோ? அவர் தம் பெயருக்கெதிரேயும் ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் மெய்யாகவே வாராதிருந்தால், முதலாண்டு மாணாக்கர் தம் நாளை எடுக்க அஞ்சார்.